பனிவட்டும் இளவட்டக்கல்லும்

சென்ற மார்கழியில் ஒருநாள் வகுப்பில் அகத்திணையின் முதற்பொருளை விளக்கிக் கொண்டிருந்தோம். குறிஞ்சிக்குரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும் எனத் தொல்காப்பியர் வகுத்ததைச் சொல்லிவிட்டு, சன்னலுக்கு வெளியே போடிமெட்டு மலையைச் சுட்டிக் காட்டினோம். மலையின் இடுப்பு வரை மூடுபனி இறங்கியிருந்தது. அப்போது பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, பனிக்காலம் குறிஞ்சிக்கு உரியது என்கிறீர்கள். பனிக்காலத்துக்கென்று ஒரு விளையாட்டு நம்மிடம் உண்டா?" என்று கேட்டான். வழவழப்பான பனித்தரையில் ஒருவர் கல்லை வழுக்கிவிட, இருவர் அதன் முன்னால் துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டே ஓடும் ஆட்டத்தை அவன் தொலைக்காட்சியில் கண்டிருக்கிறான். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி வீடு வரை உடன் வந்தது.

அவ்வாட்டத்தின் பெயர் கர்லிங். உலகின் மிகச் சில வட்டாரங்களில் மட்டும் உயிராகப் போற்றப்படுவது; பிற இடங்களில் வேடிக்கையாகப் பார்க்கப்படுவது. ஓர் ஆட்டம் ஒரு மண்ணில் வேர் பிடிப்பதும் இன்னொரு மண்ணில் பிடிக்காமற் போவதும் எதனால்? இந்த வினாவை முன்வைத்துச் சற்றே வரலாற்றைப் புரட்டிப் பார்த்தபோது, கதை நம் ஊர் வழியாகவே போனதைக் கண்டு வியந்தோம். அதனைப் பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வட்டும் அரங்கும்

தட்டையான ஒரு பொருளை இலக்கு நோக்கிச் செலுத்தும் ஆட்டம் தமிழருக்குப் புதிதன்று. நற்றிணையின் மூன்றாம் பாடல் ஒரு பாலைத்திணைப் பாடல். அதில் வேப்பமர நிழலில் சிறுவர்கள் தரையில் கட்டம் கீறி, நெல்லிக்காயை வட்டாகக் கொண்டு ஆடுகின்றனர். அவர்கள் கீறிய களத்தைப் புலவர் இளங்கீரனார் 'வட்டரங்கு' என்கிறார். ஆங்கிலத்தில் பனிக்களத்தைக் குறிக்கும் 'ரிங்க்' என்ற சொல்லும் ஸ்காட்லாந்தின் மொழியிலிருந்து வந்ததே; அங்கே அது கர்லிங் ஆடும் களத்துக்கு வழங்கிய சொல். ஆகவே கர்லிங்கை நாம் 'பனிவட்டு' என அழைப்பதில் தவறில்லை என்று கருதுகிறோம்.

ஆட்டம் எளிது. அணிக்கு நால்வர், ஒவ்வொருவருக்கும் இரண்டு கல். ஏறத்தாழ 45 மீட்டர் நீளமுள்ள பனித்தரையின் மறுகோடியில் வட்டத்துக்குள் வட்டமாக இலக்கு வரையப்பட்டிருக்கும். இரண்டணியின் 16 கற்களும் சென்று நின்றபின், நடுப்புள்ளிக்கு மிக அருகில் எவர் கல் உள்ளதோ அவருக்கே அந்தச் சுற்று. கல்லின் எடை கைப்பிடியோடு சேர்த்து 19.96 கிலோவுக்கு மிகலாகாது.

நுட்பம் கல்லின் சுழற்சியில் இருக்கிறது. கைவிடும்போது கல்லை மெல்லத் திருகி விடுவர். வலஞ்சுழியாகச் சுழலும் கல் வலப்புறம் வளையும், இடஞ்சுழியாயின் இடப்புறம். மேசைமேல் ஒரு தம்ளரைக் கவிழ்த்துச் சுழற்றித் தள்ளினால் இதற்கு நேர்மாறாக வளையும் என்பதை எவரும் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பனிமேல் மட்டும் ஏன் இப்படி என்பதில் இயற்பியலாளர்கள் இன்றும் வாதிட்டுக் கொண்டிருக்கின்றனர். பனித்தரையும் கண்ணாடி போன்றதன்று. ஆட்டத்துக்கு முன் நீர்த்துளிகளைத் தெளித்து உறையவிடுவதால் அது அம்மைத்தழும்பு விழுந்த முகம்போல் இருக்கும். துடைப்பக்காரர்கள் தேய்க்கும்போது அப்புள்ளிகள் சற்றே சூடேறி உராய்வு குறைகிறது. கல் மேலும் தொலைவு செல்கிறது, வளைவும் குறைகிறது. மாணவர்கள் சிரித்த அந்தப் பெருக்குதல், உண்மையில் கைவிட்ட கல்லுக்கு வழிசொல்லும் வேலையாகும்.

குளம் உறைந்த நாட்டில்

ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் நகர் அருங்காட்சியகத்தில் 1511 என ஆண்டு பொறித்த ஒரு கர்லிங் கல் உள்ளது. 1541இல் பெய்ஸ்லி மடாலயத்துத் துறவி ஒருவர், மடாதிபதியின் உறவினர் ஒருவரோடு உறைந்த நீரின்மேல் கல்லெறியும் போட்டிக்கு நாள் குறித்ததை ஆவணக் கணக்கர் இலத்தீனில் எழுதி வைத்திருக்கிறார். 1565இல் பிளெமிஷ் ஓவியர் புரூகல் தீட்டிய பனிக்கால ஓவியத்திலும் உறைந்த குளத்தில் இதையொத்த ஆட்டம் காணப்படுகிறது. ஐரோப்பாவில் நீண்ட குளிர்காலங்கள் நிலவிய காலம் அது.

தொடக்கத்தில் ஆற்றங்கரையில் கிடைத்த கல்லே ஆட்டக்கல். பின்னர் அதில் இரும்புப் பிடி பொருத்தினர். ஆளுக்கொரு வடிவம், ஆளுக்கொரு எடை. 'ஜூபிலி கல்' எனப் பாதுகாக்கப்படும் ஒன்று 53 கிலோ எடை கொண்டது. 19ஆம் நூற்றாண்டில்தான் கற்கள் ஒரே அளவாகவும் வட்டமாகவும் ஆயின. 1838இல் எடின்பரோவில் தலைமைச் சங்கம் ஒன்று தோன்றி விதிகளை ஒழுங்குபடுத்தியது. 1842இல் விக்டோரியா அரசி ஸ்கோன் அரண்மனைக்கு வந்தபோது, பனி இல்லாத பருவமாகையால் மெருகிட்ட மரத்தரையிலேயே ஆட்டத்தை ஆடிக் காட்டினர். மறு ஆண்டு சங்கத்துக்கு அரச அடைமொழி கிடைத்தது.

சிறந்த கல் எய்ல்சா கிரெய்க் என்னும் சிறு தீவிலிருந்து வருகிறது. நுண்மணிக் கருங்கல் வகையைச் சார்ந்த அக்கல் நீரை உறிஞ்சாது. உறிஞ்சினால் நீர் உள்ளேயே உறைந்து விரிந்து கல்லைப் பிளந்துவிடும். 1851 முதல் கற்களைச் செதுக்கிவரும் மாக்லின் ஊரின் கேய்ஸ் நிறுவனமே ஒலிம்பிக் கற்களையும் செய்து தருகிறது. இன்று அத்தீவு பறவைகளின் புகலிடம். ஆகவே வெடிவைத்துப் பாறை பிளப்பதில்லை. உதிர்ந்து கிடக்கும் கற்களையே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அள்ளி வருகின்றனர்.

கல்லையும் பனியையும் கடந்து இன்னொன்றை ஈண்டு நோக்க வேண்டும். ஆடியவர் யார்? ஏர் ஓட்டுபவர், கல்தச்சர், ஆலைக்காரர், பாதிரியார், நிலக்கிழார். நிலம் உறைந்தால் ஏர் இறங்காது. ஓடை உறைந்தால் நீராலை சுழலாது. குளிர் கல்தச்சனின் கையைக் கட்டிப்போடும். வேலை நின்ற ஊர் முழுதும் குளத்துக்கு வந்தது. அங்கே குடியானவன் அணித்தலைவனாக நிற்க, நிலக்கிழார் அவன் சொற்படி துடைப்பம் பிடித்துப் பெருக்குவதும் இயல்பாயிருந்தது. 1847இல் தொடங்கிய 'பெரும் போட்டி'யில் நாட்டின் வடபகுதியும் தென்பகுதியும் மோதின. அதற்கெனவே கார்ஸ்பிரெக் என்ற இடத்தில் ஏரி அமைத்து, அங்கே தனி ரயில் நிறுத்தமும் வைத்தனர். 1853க்கும் 1935க்கும் இடையில் அங்கு 25 முறை போட்டி நடந்தது. வேலையற்ற பருவம் ஒன்று ஒரு நாட்டின் விளையாட்டாக மாறியது இவ்வாறுதான்.

ஆண்மைக்கல்

ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு இன்னொரு கல்லும் உண்டு. அவர்தம் கேலிக் மொழியில் 'கிளாக் குட் ஃபிர்' என்பர். 'ஆண்மைக்கல்' எனப் பொருள்படும். குலத்தலைவன் வீட்டு வாசலில் கிடக்கும் பெருங்கல்லை இளைஞன் இடுப்புயரம் தூக்கினால் அவன் ஆளானான் என்று பொருள். 1860இல் டொனால்ட் டின்னி என்ற மல்லர் போட்டார்க் பாலத்தின் குறுக்கே தூக்கிச் சென்ற இரு கற்கள், இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 332 கிலோ, இன்றும் அவ்வூரில் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றைத் தூக்கிப் பார்ப்பதற்கென்றே உலகின் பல பகுதிகளிலிருந்தும் ஆட்கள் வருகின்றனர்.

இதைப் படித்தபோது நம் இளவட்டக்கல் நினைவுக்கு வராதிருக்குமா? மதுரை, தேனி, நெல்லைச் சீமைகளில் ஊர் மந்தையிலோ கோயில் முன்றிலிலோ உருண்டையாகச் செதுக்கிய கல் ஒன்று கிடக்கும். முழந்தாள், தொடை, நெஞ்சு, தோள் எனப் படிப்படியாக ஏற்றி, முதுகுப்புறம் தள்ளிவிட வேண்டும். தூக்கியவனுக்குப் பெண் கொடுப்பர் என்ற வழக்கால் சில ஊர்களில் அதற்குக் கல்யாணக்கல் என்றே பெயர். பெரும்பாலும் தைப் பொங்கலை ஒட்டித்தான் கல் தூக்குவர். கதிர் அறுத்துக் களம் கண்டு கை ஓய்ந்த பருவம் அது. மாடு பிடிப்பதும் அப்பருவத்திலேதான். நம் மாவட்டத்துப் பல்லவராயன்பட்டியும் அய்யம்பட்டியும் அதற்குப் பெயர் பெற்றவை.

ஆகவே மாணவனின் கேள்விக்கு ஒரு விடை கிடைத்தது. முன்பனிக்குரிய விளையாட்டு நம்மிடம் உண்டு. அதுவும் கல் கொண்டே ஆடப்படுகிறது. இரு நாட்டாரும் இளைஞனின் தோளைக் கல்லால் அளந்தனர். குளம் உறைந்த நாட்டில் கல் வழுக்கவும் கற்றுக் கொண்டது. நம் நாட்டில் அது தோளேறியதோடு நின்றது.

போடி வழியே ஏறியவர்கள்

அந்தக் கல்லை வழுக்கியவர்கள் நம் ஊர் வழியாகவே மலையேறினர் என்பதுதான் சுவையான செய்தி. 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசரிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். 1890களில் கிளாஸ்கோ நகரத்து ஃபின்லே குழுமம் அங்கே கால் வைத்தது. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் உருவாயிற்று. மேலாளர்களில் ஸ்காட்லாந்துக்காரர் பலர். கொச்சிப் பக்கம் நல்ல பாதை இல்லாத அந்நாளில் மூணாற்றுக்கு வாசல் போடிநாயக்கனூரே. தேயிலை மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வரும். 1902இல் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908இல் குறுகிய இருப்புப்பாதையாக மாறிய ரயில் அது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவட வழியில் தொங்கிக் கொட்டகுடி அடிவாரத்துக்கு இறங்கும். அங்கிருந்து வண்டியில் போடிக்கு வரும். கொல்லம் ஆண்டு 1099இன் பெருவெள்ளம், அதாவது 1924ஆம் ஆண்டு வெள்ளம், அந்த மலைரயிலை அடித்துச் சென்றது. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. குரங்கணிப் பாதையில் அந்தப் பழைய வழியின் எச்சங்களை இன்றும் மலையேறுவோர் காண்கின்றனர்.

துரைமார் தம் ஆட்டங்களையும் மூட்டை கட்டி வந்தனர். ஸ்காட்லாந்தின் மற்றோர் ஆட்டமான கோல்ஃப் மூணாற்றுப் புல்வெளியில் இறங்கியது. ஹைரேஞ்சு கிளப் எழுந்தது. டென்னிஸ், பில்லியர்ட்ஸ் எல்லாம் வந்தன. பனிவட்டு வரவில்லை. காரணம் வெளிப்படை. சனவரி விடியலில் செண்டுவாரையிலும் லெட்சுமி எஸ்டேட்டிலும் புல்மேல் உறைபனி வெள்ளையாய்ப் படிவதுண்டு. தேயிலைக் கொழுந்து கருகுவதும் உண்டு. எனினும் வெயில் ஏறினால் எல்லாம் கரைந்துவிடும். ஆட்கள் நிற்கக் குளம் நல்ல கனத்துக்கு உறைய வேண்டும். இந்தியாவில் இயற்கைப் பனிக்களத்துக்கு இமயத்துக்குத்தான் போக வேண்டும். சிம்லாவில் 1920இல் சறுக்குக் களம் அமைந்தது. பிடி பொருத்திய வட்டைப் பனியில் வழுக்கும் 'ஐஸ் ஸ்டாக்' என்ற பவேரிய ஆட்டம் இன்று காஷ்மீரத்துக் குல்மர்க்கில் ஆடப்படுகிறது.

ஆயினும் பனி இல்லாமை ஒன்றே காரணம் என நாம் நிறுத்திக்கொள்ள விரும்பவில்லை. ஒரு கற்பனை செய்து பார்ப்போம். மாட்டுப்பட்டிப் பள்ளத்தாக்கில் குளம் உறைந்தது என்றே வைத்துக் கொள்வோம். ஊர் முழுதும் குளத்துக்கு வந்திருக்குமா? வந்திருக்காது. கங்காணி அழைத்து வந்த மக்கள் அவர்கள். மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து முன்பணம் என்னும் கயிற்றில் கட்டப்பட்டு மலையேறியவர்கள். தேயிலைக்கு ஓய்வுப் பருவமே இல்லை. ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்க வேண்டும். சற்றுக் கீழே உள்ள ஏலத்தோட்டத்திலும் கதை அதுவே. ஆடி ஆவணியில் தொடங்கும் காய்ப்பறிப்பு, ஏறத்தாழ 40 நாளுக்கு ஒரு சுற்றாகத் தை மாசி வரை செல்லும். தொல்காப்பியர் குறிஞ்சிக்கு உரித்தாக்கிய கூதிரும் முன்பனியும் ஏலமலையில் அறுவடைக் காலம். கிளப்பின் கதவோ துரைமாருக்கு மட்டும். பெயரும் முறையும் ஸ்காட்லாந்திலிருந்து வந்தன. நிலக்கிழாரும் குடியானவனும் ஒரே குளத்தில் நிற்கும் வழக்கம் மட்டும் மலையேறவில்லை.

தொழிலாளர் தமதாக்கிக் கொண்ட ஆட்டம் கால்பந்து. தோட்டத்து அணிகள் மோதும் ஃபின்லே கேடயப் போட்டி பல பத்தாண்டுகளாக மூணாற்றில் பெயர் பெற்றது. ஒரு பந்தும் ஞாயிற்றுக்கிழமை மாலையும் போதும். அதற்கு ஒரு பருவம் முழுதும் ஓய்வு தேவையில்லை அல்லவா?

வெங்காயமும் பூண்டும்

இக்கருத்துக்குச் சான்று தேடினால் அயல்நாடுகளில் கிடைக்கிறது. ஸ்காட்லாந்துக் குடியேறிகள் 1807இல் கனடாவின் மொன்றியலில் சங்கம் அமைத்தனர். ஆனால் அங்கே ஆட்டத்தை ஊர்தோறும் கொண்டு சென்றவர்கள் கோதுமை உழவர்கள். சஸ்காச்சுவான் மாநிலத்தின் அரசுசார் விளையாட்டு கர்லிங். ஆறு மாதம் வயல் பனியில் மூடிக் கிடக்கும் அம்மண்ணில், சிற்றூரின் பனிக்கூடமே ஊர்ச்சாவடி.

சப்பானின் வடகோடியில் தோக்கோரோ என்றொரு மீனவச் சிற்றூர் உள்ளது. இப்போது வெங்காயத்துக்குப் பேர்போன கித்தாமி நகரோடு இணைந்துவிட்டது. பனிக்காலத்தில் ஒக்கோட்சுக் கடலில் மிதக்கும் பனிப்பாறைகள் கரையை அடைத்துவிடும், படகு இறங்காது. 1980இல் கனடாவின் ஆல்பர்ட்டாவோடு ஏற்பட்ட நட்புறவின் வழி கர்லிங் அவ்வட்டாரத்துக்கு வந்தபோது, முறையான கல் இல்லாமல் பீர்ச் சிறுபீப்பாய்களைக் கொண்டு ஆடிப் பழகினர். 1988இல் அங்கே உள்ளரங்கம் எழுந்தது. அச்சிற்றூரில் பிறந்த பெண்கள் அணி 2018இல் ஒலிம்பிக் வெண்கலமும் 2022இல் வெள்ளியும் பெற்றது. 2022 இறுதியாட்டத்தில் அவர்களை வென்றது ஸ்காட்லாந்துப் பெண்களைக் கொண்ட பிரிட்டன் அணி என்பதும் குறிப்பிடத்தக்கது.

தென்கொரியாவின் உய்சோங், பூண்டு விளையும் மாவட்டம்; ஏலத்தால் அறியப்படும் நம் ஊர்போல் பூண்டால் அறியப்படுவது. 2006இல் அங்கே கர்லிங் கூடம் கட்டப்பட்டது. உள்ளூர்ப் பள்ளி மாணவியர் சிலர் பள்ளி நேரத்துக்குப்பின் ஆடத் தொடங்கினர். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அணியின் ஐவரில் நால்வர் அவ்வூர்ப் பள்ளியில் பயின்றவர். ஐவருக்கும் குடும்பப்பெயர் கிம். அணித்தலைவி கிம் உன்ஜங் பெருக்குபவரை நோக்கி "யோங்மி!" என்று கூவிய குரல் நாடெங்கும் ஒலித்தது.

பனியே விழாத பிலிப்பைன்சு 2025இல் ஹார்பினில் நடந்த ஆசியக் குளிர்கால விளையாட்டில் ஆடவர் கர்லிங் தங்கம் வென்றது. ஆடியவர்கள் சுவிட்சர்லாந்தில் வளர்ந்த பிலிப்பினோ வழியினர். ஆட்டம் தட்பவெப்பத்தோடு மட்டும் போவதில்லை, மனிதரோடும் போகிறது என்பதற்கு அது சான்று. கனடாவில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் நாளை இக்கல்லைக் கையில் எடுத்தால் நாம் வியக்க வேண்டியதில்லை.

புதையும் கல்

பிறந்த மண்ணிலேயே ஆட்டத்தின் பழைய வடிவம் தேய்ந்துவிட்டது. ஸ்காட்லாந்தில் திறந்தவெளிப் பெரும் போட்டி 1959, 1963, 1979 ஆகிய ஆண்டுகளில் நடந்ததோடு சரி. 2010இல் ஏரி உறைந்தும், பாதுகாப்பு ஏற்பாடுகள் குறித்த அச்சத்தால் நடக்கவில்லை. குளிர்காலம் வெப்பமாகிறது, ஆட்டம் குளிரூட்டிய கூடத்துக்குள் புகுந்துகொண்டது. எனினும் அவர்கள் கல்லைக் காத்தனர். ஆண்டு பொறித்த கல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. துறவியின் சவால் ஏட்டில் இருக்கிறது. டின்னியின் கற்கள் ஊரின் பெருமையாக இருக்கின்றன.

நம் இளவட்டக்கல்லுக்கு என்ன ஆயிற்று? நெல்லைப் பகுதி வடலிவிளையில் பொங்கல்தோறும் போட்டி நடத்துகின்றனர். பெண்களும் கல் தூக்குகின்றனர். மகிழ்ச்சியே. ஆனால் போடிக்கு அருகே ஒரு சிற்றூரில் நாம் கண்டது வேறு. மந்தையில் சிமெண்டுச் சாலை போட்டபோது இளவட்டக்கல்லை எடுத்து ஓரம் வைக்க எவருக்கும் தோன்றவில்லை. பாதிக்கல் சாலைக்குள், பாதிக்கல் வெளியே. வெளியே தெரியும் பாதியில் இருசக்கர வண்டியைச் சாய்த்து நிறுத்துகிறார்கள். "இதை யார் யார் தூக்கினார்கள் பெரியவரே?" என்று திண்ணையில் இருந்தவரைக் கேட்டோம். "தூக்குற வயசுப் பயக எல்லாம் திருப்பூருக்குப் போயிட்டாக சார்" என்றார் அவர்.

விடுமுறை முடிந்து வகுப்புக்குப் போனதும் மாணவனை அழைத்து இவ்வளவையும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டான். கடைசியில் தயங்கித் தயங்கி, "எங்கம்மா விடியக்காலை ஜீப்பில் மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர் ஐயா. பனிக்காலத்தில்தான் வேலை அதிகம். விளையாட்டு என்றால் அவருக்கு எந்த மாதம் ஐயா?" என்றான்.

கல்லும் பனியும் அமைந்த இடத்திலெல்லாம் ஆட்டம் பிறந்துவிடாது. கை ஓய்ந்த மனிதரும் வேண்டும். 500 ஆண்டு வரலாற்றைப் புரட்டி நாம் வந்து சேர்ந்த முடிவை அவன் ஒரு கேள்வியில் சொல்லிவிட்டான். குறிஞ்சிக்குப் பொழுதை வகுத்துத் தந்த இலக்கணம் நம்மிடம் இருக்கிறது. அந்தப் பொழுதில் ஒரு நாளையேனும் அங்கு உழைப்பவருக்கு உரியதாக்கும் வேலை இன்னும் மீதமிருக்கிறது.

வரும் தையில் அந்த மந்தைக்கு மாணவர்களோடு கடப்பாரை கொண்டு போவதென முடிவு செய்திருக்கிறோம். ஊராரிடம் சொல்லியாயிற்று. முதலில் கல்லை வெளியே எடுப்போம். தூக்குவது பிறகு.